இருபது ராத்தல்

மில்லர்புரம், தூத்துக்குடி
10-7-1976

அன்புள்ள அண்ணனுக்கு,

செல்லக்கிளி எழுதுகிறேன். உன் கடிதம் வந்து ரொம்ப நாளாகிறது, நான்தான் கை ஒழியாமல் கிடந்துவிட்டேன். கோபித்துக்கொள்வதாக இருந்தால் இதை முழுசாகப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள். உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

உன் மாப்பிள்ளை துறைமுகத்தில் சரக்குத் தூக்குகிற வின்ச் ஓட்டுவது உனக்குத் தெரியும். கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் வீட்டில் இருந்து விட்டத்தைப் பார்க்க வேண்டியதுதான். பெர்மனென்ட் ஆக்குகிறோம், ஆக்குகிறோம் என்று சொல்லியே குழந்தை வடிவுக்கு இரண்டு வயசு முடியப் போகிறது. இப்போதுதான் ஒரு வழி தெரிகிறது. சிரிக்காமல் கேள். வில்லும் அம்பும்.

இங்கே துறைமுகம் கட்ட வந்த வங்காளத்து என்ஜினியர் ஒருவர் சாயங்காலமானால் உப்பளத்துப் பக்கம் போய் வில் விடுவார். இவர் வேடிக்கை பார்க்கப் போய், பிறகு அவருக்கு அம்பு பொறுக்கிக் கொடுக்கப் போய், கடைசியில் தானே விடப் பழகிவிட்டார். மாற்றலாகிப் போகும்போது என்ஜினியர் வில்லை இவர் கையில் கொடுத்துவிட்டார். மரமும் மூங்கிலும் வைத்து ஒட்டிய பழைய காலத்து வில்தான். ஆனால் குறி தப்புவதில்லை என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். அக்டோபரில் துறைமுகத்து விளையாட்டு மன்றத்தில் ஆள் எடுக்கிறார்கள். தேறினால் விசாகப்பட்டினத்தில் போட்டி. அந்தப் போட்டிக்கு பெர்மனென்ட் ஆளைத்தான் அனுப்ப முடியும், அதனால் தேறியவரை முதலில் பெர்மனென்ட் ஆக்கிவிட்டுத்தான் அனுப்புவார்களாம். விளங்குகிறதா? இவர் அன்றைக்கு ஒழுங்காக அம்பு விட்டால் எங்களுக்குச் சோற்றுக் கவலை தீரும்.

அம்புதான் இல்லை. என்ஜினியர் விட்டுப்போனதில் பாதி உடைமரக் காட்டுக்குள் தொலைந்தது, மீதி கோணிப்போய்க் கிடக்கிறது. மெட்ராஸில் அலுமினிய அம்பு கிடைக்கும், விலை கேட்டால் மயக்கம் வருகிறது. நீ இருக்கிற கல்கத்தாப் பக்கம்தான் மூங்கில் அம்பு மலிவு என்று மன்றத்தில் யாரோ சொன்னார்களாம். மட்டமானதும் வேண்டாம், மகாராஜா விலையும் வேண்டாம். கட்டுபடியாகிற மாதிரி ஒரு கட்டுப் பார்த்து வாங்கிக் கொடுத்துவிடு.

"மச்சான்ட்ட இதெல்லாம் கேக்காதளா, சங்கடமா இருக்கு" என்று இவர் சொல்லிவிட்டார். அதனால்தான் நான் கேட்கிறேன். என் மாமியார் வேறு, "இவன் என்ன கூத்துல ராமர் வேசமா கட்டப் போறான்?" என்று நாள் முழுக்கக் கேலி. நீ அம்பை அனுப்பு, அத்தையின் வாயை இவர் அடைக்கட்டும்.

உன் தங்கை
செல்லக்கிளி

•

சால்கியா, ஹவுரா
22-7-1976

பிரியமுள்ள செல்லக்கிளிக்கு,

நயினார் எழுதுவது. நான் சுகம். வயிறுதான் இந்த ஊர் கடுகெண்ணெயோடு இன்னும் சமாதானமாகவில்லை.

உன் கடிதத்தைப் பார்த்து முதலில் சிரித்தேன், நீ வேண்டாம் என்று சொன்ன பிறகும். வில்லுக்கு அம்பு வேண்டும் என்று நம் ஆபீஸ் கிருபாநிதியிடம் கேட்டால், "வில்லுப்பாட்டுக்கு அம்பு எதுக்கு அண்ணாச்சி, வீசுகோல்லா வேணும்?" என்கிறான். நம் பக்கத்து ஆளுக்கு வில் என்றால் அது ஒன்றுதான் ஞாபகத்துக்கு வருகிறது. நாசரேத்துக்காரன் அவன், கோயில் கொடை பார்க்காத கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளை, அவனே இப்படி.

போன ஞாயிற்றுக்கிழமை சித்பூர் ரோட்டில் விசாரித்துக்கொண்டு போனேன். முதல் கடையில் ஒருவர் வெள்ளித்தாள் சுற்றிய அம்பை எடுத்து நீட்டினார். நாடகத்துக்கு வாடகைக்கு விடுவதாம். உன் மாமியார் வாய்முகூர்த்தம் இங்கே வரைக்கும் பலிக்கிறது. அங்கிருந்து விசாரித்துப் போன இடம் சரியான இடம். மூங்கிலை நெருப்பில் காட்டி நிமிர்த்தி, இறகு ஒட்டி, அங்கேயே செய்கிறார்கள். சீமை அம்பும் வைத்திருக்கிறார்கள், அதன் பக்கம் நான் திரும்பவில்லை.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடாதாம். கடைக்காரர் என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை. மாப்பிள்ளை நாணை எத்தனை அங்குலம் இழுப்பார்? அந்த அளவுக்கு இழுத்தால் வில் எத்தனை பவுண்டு இழுவை காட்டும்? பவுண்டு என்பது நம்மூர் ராத்தல்தான். இழுவைக்குத் தகுந்த கனத்தில் அம்பு இருக்க வேண்டுமாம். கடினமான அம்பு ஒரு பக்கமாக ஓடும், மெலிந்த அம்பு மறுபக்கம் ஓடும். செருப்பு வாங்கப் போனால் கால் அளவு கேட்பது மாதிரிதான். ஏதாவது கொக்கித் தராசில் நாணை மாட்டி இழுத்துப் பார்த்து எழுது.

மாப்பிள்ளையிடம் சங்கடப்பட வேண்டாம் என்று சொல். அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்கு ஊர் என்று இருப்பது உன் வீடுதான். லீவு கிடைத்தால் வேறு எங்கே வந்து இறங்கப் போகிறேன்? வடிவுக்கு என் முத்தம்.

நயினார்

•

மில்லர்புரம்
2-8-1976

அன்புள்ள அண்ணனுக்கு,

அளந்தாயிற்று! இவருக்குக் கப்பலில் இரண்டு ஷிப்ட். இவரை நம்பியிருந்தால் ஆடி முடிந்து ஆவணி வந்துவிடும். நானே வில்லைத் தூக்கிக்கொண்டு ஹில்டாக்கா கொட்டகைக்குப் போனேன்.

ஹில்டாக்காவை உனக்குத் தெரியாது. கடற்கரையில் இறால் வாங்கி கம்பெனிக்குப் போடுகிறவள், எனக்கு இந்த ஊரில் இருக்கிற ஒரே சிநேகிதி. அவள் கொட்டகையில் விட்டத்தில் தொங்குகிற தராசு ஒன்று இருக்கிறது. வட்ட முகம், ஒரு முள், கீழே கொக்கி. அதைக் கழற்றித் தரையில் கல்லோடு கட்டி, நாணைக் கொக்கியில் மாட்டி, வில்லை நாங்கள் இருவரும் மேலே தூக்கினோம். இவர் இழுக்கிற அளவை ஒரு குச்சியில் கீறி வாங்கி வைத்திருந்தேன், இருபத்தேழு அங்குலம். கீறல் வரைக்கும் தூக்குவதற்குள் எங்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. இறால் உரிக்கிற பெண்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு ஒரே சிரிப்பு. ஹில்டாக்கா குனிந்து முள்ளைப் பார்த்து, "இருபது ராத்தல்ளா! ஒரு பொட்டு கூடவும் இல்ல, கொறயவும் இல்ல" என்று கத்தினாள். நானும் பார்த்தேன், முள் இருபதில் நின்றது.

ஆக, இருபத்தேழு அங்குலம், இருபது ராத்தல். கடைக்காரரிடம் சொல்லி அதற்குத் தோதாக வாங்கு.

இவர் ஷிப்ட் முடிந்து வந்து கேட்டுவிட்டு, "பரவால்லயே, ஏம் பொண்டாட்டியும் வில்லாளியாயிட்டா" என்றார். நேற்று முழுக்க எனக்கு அதே சந்தோஷம்.

செல்லக்கிளி

•

சால்கியா
5-9-1976

பிரியமுள்ள செல்லக்கிளிக்கு,

அம்பு வாங்கிவிட்டேன். தாமதத்துக்குக் காரணம் நான் இல்லை, மழை. மூங்கில் காயவில்லை என்று கடைக்காரர் மூன்று தடவை திருப்பி அனுப்பினார். காயாத மூங்கிலை விற்கமாட்டேன் என்கிறவரிடம் சண்டை போட முடியுமா?

ஒவ்வொன்றாக நானே பொறுக்கினேன். கண்ணாடிப் பலகைமேல் உருட்டிப் பார்த்தேன். துள்ளியதை ஒதுக்கினேன். கணுவில் கீறல் இருக்கிறதா என்று நகத்தால் தடவினேன். இரண்டு முனையையும் பிடித்து லேசாக வளைத்துப் பார்க்கச் சொன்னார், எல்லாம் ஒரே மாதிரி வளைந்தன. இறகு வாத்து இறகு, நன்றாக ஒட்டியிருக்கிறது.

கையில் எடுத்தால் ஒல்லியாகத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பக்கத்திலேயே தடிமனான கட்டு ஒன்று இருந்தது, விலை கொஞ்சம் கூடுதல், அதை வாங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். இருபது பவுண்டு வில்லுக்கு அது உதவாது, உலக்கை மாதிரி போகும், இதுதான் சரி என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். மலிவாகவும் ஆயிற்று, பொருத்தமாகவும் ஆயிற்று.

கிருபாநிதி மாசக் கடைசியில் லீவில் ஊருக்கு வருகிறான். அவன் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். பார்சலில் போட்டால் மிதித்துவிடுவார்கள். வடிவுக்கு ஒரு கவுன் வைத்திருக்கிறேன், பெரிதாக இருந்தால் மடித்துத் தைத்துக்கொள். தேறிய செய்தியைத் தந்தி அடி, செலவு பார்க்காதே.

நயினார்

•

மில்லர்புரம்
16-10-1976

நயினார் அண்ணனுக்கு,

நலம் விசாரிக்க இங்கே ஒன்றும் இல்லை.

நீ வாங்கிக் கொடுத்துவிட்ட அம்பு உன் மாப்பிள்ளையின் கைக்குள் போய்விட்டது. விடுகிறவன் கைக்கே அம்பு போகுமா என்று கேட்பாய். போனது. நான் பார்த்தேன். வடிவை இடுப்பில் வைத்துக்கொண்டு மைதானத்து ஓரத்தில்தான் நின்றேன்.

கிருபாநிதி கட்டைக் கொண்டுவந்து கொடுத்ததே தேர்வுக்கு முந்தின நாள்தான். சாயங்காலம் இரண்டு விட்டுப் பார்த்துவிட்டு, "வாலாட்டிக்கிட்டுல்லா போவுது, ரொம்ப ஒல்லியா இருக்கே செல்லம்" என்றார். "எங்கண்ணன் பாத்துத்தான் வாங்கியிருப்பான், நீங்க தைரியமா விடுங்க" என்று சொன்னவள் நான். என் வாயில் கொள்ளிக்கட்டையை வைக்க.

மறுநாள் பெரிய ஆபீசர்கள் எல்லாம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். முதல் அம்பு ஓரத்தில் குத்தியது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதை முழுசாக இழுத்து விட்டார், பட்டென்று ஒரு சத்தம். நாண் அறுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். வில்லைப் பிடித்திருந்த இடது கையில் கட்டைவிரலுக்குக் கீழே நுழைந்து மணிக்கட்டுப் பக்கம் மூங்கில் சிலாம்பு நீட்டிக்கொண்டு நின்றது. அவர் கத்தவில்லை. என்னைத் தேடித் திரும்பிப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் சிலாம்பு எல்லாம் எடுத்தாயிற்று. கட்டைவிரலும் அடுத்த விரலும் மடங்கவில்லை. நரம்பு போய்விட்டது, இனி இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார்கள். வின்ச்சுக்கு இரண்டு கையும் வேண்டும். அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான். பெர்மனென்ட் என்ற பேச்சை இனி யாரிடம் போய்ப் பேசுவது?

எதைப் பார்த்து வாங்கினாய் அண்ணே? கண்ணாடியில் உருட்டினேன், நகத்தால் தடவினேன் என்று பக்கம் பக்கமாக எழுதினாயே, கடைசியில் விலையை மட்டும்தான் பார்த்தாயா? தடிமனான கட்டைத் தள்ளிவிட்டு ஒல்லியை எடுத்தேன் என்று நீயே எழுதியிருக்கிறாய். கட்டுபடியாகப் பார் என்று நான் சொன்னேன்தான். கையை வாங்கிவிடு என்றா சொன்னேன்?

"கூடப் பொறந்தவன் குடுத்துவிட்ட சீரு நல்லாத்தான் இருக்கு" என்று அத்தை வருகிறவர்கள் போகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார்கள். 

செல்லக்கிளி

•

சால்கியா
26-10-1976

செல்லக்கிளிக்கு,

உன் கடிதத்தை எங்கள் கம்பெனி உப்புக் கிடங்கில் நின்றுகொண்டு படித்தேன். படித்துவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. கூலியாட்கள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். உன்னிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது, மாப்பிள்ளை முகத்தை எப்படிப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கே அந்தக் கடைக்குப் போனேன். வாழ்நாளில் யார் மேலும் கை வைக்காதவன், கடைக்காரரின் சட்டையைப் பிடித்துவிட்டேன். அவர் எனக்குக் கொடுத்த அதே ரகத்தில் மிச்சம் இருந்த அம்புகளை எடுத்தார். இருபது பவுண்டு வில் ஒன்றில் தொடுத்து, சந்துக் கடைசிச் சுவரில் சாத்தியிருந்த வைக்கோல்மேல் திரும்பத் திரும்ப விட்டார். ஒன்றுகூட ஒடியவில்லை. பிறகு பெரிய வில் ஒன்றைக் காட்டி, "இதில் இந்த அம்பைத் தொடுக்க என் எதிரிக்குக்கூடச் சொல்லமாட்டேன்" என்றார். ஒடிந்தது என்றால் அந்த வில் இருபது பவுண்டு இல்லை, நாற்பதுக்கு மேலே இருக்கும் என்கிறார். இருபது பவுண்டு வில்லைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான் இழுக்குமாம்.

மாப்பிள்ளையின் தோளை நான் பார்த்திருக்கிறேன். வின்ச் ஓட்டுகிற தோள். கீறல் வரைக்கும் இழுக்க இரண்டு பேருக்கு நாக்குத் தள்ளியது என்று நீ எழுதியிருந்தாய். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை.

கோபப்படாதே. உன்மேல் பழியைப் போடக் கேட்கவில்லை. ஹில்டாவின் தராசில் எழுதியிருப்பது ராத்தலா, கிலோவா? ஒரு கிலோ என்பது இரண்டு ராத்தலுக்கும் மேலே. ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு எழுது. இது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நயினார்

•

தூத்துக்குடி
8-11-1976

அண்ணனுக்கு,

இதை ஹில்டாக்கா கொட்டகையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இனி நீயும் இந்த விலாசத்துக்கே எழுது.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு உன்மேல் ஆத்திரம்தான் வந்தது. தப்பைச் செய்துவிட்டு என் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று திட்டினேன். நாலு நாள் போகவே இல்லை. அப்புறம் மழையோடு மழையாக இங்கே வந்து தராசைப் பார்த்தேன். முகமெல்லாம் துரு. ஈரத்துணியால் துடைத்தால் நடுவில் கிலோ என்று எழுதியிருக்கிறது.

"ஏக்கா, இது ராத்தல்னு சொன்னியே?" என்றேன்.

"கிலோதாம்ளா. எக்ஸ்போர்ட்டுக்காரன் வந்ததுலேருந்து எல்லாம் கிலோதான். நாங்க ராத்தல்னு சொல்லுவோம், வாயி பழகிப்போச்சி. இங்கன எல்லாருக்கும் தெரியுமே. ஒனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது அண்ணே. நெல்லும் மரக்காலும் பார்த்து வளர்ந்தவளுக்கு இறால் கொட்டகைப் பேச்சு எப்படித் தெரியும்? நீ ராத்தல் கேட்டாய். அவள் ராத்தல் சொன்னாள். நான் அப்படியே எழுதினேன். முள் இருபதில் நின்றதைப் பார்த்தேனே தவிர, அது இருபது என்ன என்று பார்க்கவில்லை. நீ வாங்கிய அம்பில் ஒரு குறையும் இல்லை. நான் அளந்த அளவுதான் அவர் கைக்குள் போயிருக்கிறது.

ஹில்டாக்கா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். நானே வந்து உன் மாமியாரிடம் சொல்கிறேன் என்று கிளம்பினாள். நான்தான் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

ஏன் உட்கார வைத்தேன் என்று கேட்கிறாயா? பயம். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சட்டைப் பித்தானை நான்தான் போட்டுவிடுகிறேன், குனிந்து பார்த்துக்கொண்டே, "ஒம் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லளா. நீ என்ன செய்வ? ஒங்கண்ணன் ரெண்டு காசு மிச்சம் புடிக்கப் போயி ஏங் கையப் புடுங்கிட்டான்" என்கிறார். தினமும் இதையேதான் சொல்கிறார். உன்னைத் திட்டும்போதுதான் அந்த மனுஷருக்குக் கொஞ்சம் உயிர் வருகிறது. மற்ற நேரமெல்லாம் கையை விரித்து வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருக்கிறார். இது என் வேலை என்று தெரிந்தால் என்ன ஆகும்? அத்தை என்னையும் வடிவையும் ஒரு நாள் வைத்திருக்கமாட்டார்கள். நாலு பேரோடு ஒரு அறையில் கிடக்கிற உன்னிடம் வந்து நாங்கள் எங்கே படுப்பது?

தை மாசம் வடிவுக்குத் திருச்செந்தூரில் காது குத்து. "அந்தப் பயல் மடியில ஏம் பேத்தி ஒக்கார மாட்டா" என்று அத்தை சொல்லியாயிற்று. அவரும் தலையாட்டிவிட்டார்.

நான் சொல்லிவிடவா அண்ணே? வேண்டாமா? நீ சொல் என்று எழுதினால் சொல்லிவிடுகிறேன். சத்தியமாகச் சொல்லிவிடுகிறேன்.

செல்லக்கிளி

•

சால்கியா
18-11-1976

செல்லக்கிளிக்கு,

சொல்லாதே.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் எனக்கு நிம்மதிதான் வந்தது, மறைக்காமல் சொல்கிறேன். நான் வாங்கியது மோசமில்லை என்று தெரிந்ததும் அன்றைக்கு ஒரு வாய் சோறு இறங்கியது. அதன் பிறகுதான் உன்னை நினைத்தேன். நினைத்தபின் தூக்கம் போயிற்று.

மாப்பிள்ளைக்கு யாரையாவது திட்டியே ஆக வேண்டும். கை போன மனுஷன், திட்டாமல் என்ன செய்வார்? ஆயிரம் மைல் தள்ளி இருக்கிற என்னைத் திட்டினால் உன் வீட்டில் ஒரு பானைகூட உடையாது. பக்கத்தில் இருந்து பித்தான் போட்டுவிடுகிறவளைத் திட்ட ஆரம்பித்தால் அந்த வீடு நிற்காது. என்னையே திட்டட்டும்.

நாளைக்கு உன் வீட்டு விலாசத்துக்கு ஒரு கார்டு போடுகிறேன். இன்லாண்ட் இல்லை, கார்டு. தபால்காரர் முதல் தெருக்காரர்கள் வரை எல்லாரும் படிக்கட்டும் என்றுதான். அதை நீ முந்திக்கொண்டு எடுக்காதே, மாப்பிள்ளை கைக்குப் போகட்டும். அதில் நான் எழுதுகிற எதையும் நீ மறுத்துப் பேசக்கூடாது. ஹில்டாவிடமும் சொல்லி வை. உன் கல்யாணத்துக்கு நான் உனக்கு ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை, இதையாவது செய்துவிட்டுப் போகிறேன்.

வடிவை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தேன். வேட்டிகூட எடுத்து வைத்திருந்தேன். அதை எழுதும்போது அழுகை வருகிறது, கிருபாநிதி பார்க்கிறான், நிறுத்துகிறேன்.

அண்ணன்
நயினார்

•

கார்டு
சால்கியா
19-11-1976

செல்லக்கிளிக்கு நயினார் எழுதிக்கொண்டது. அம்பு விஷயமாக நீ கேட்டிருந்தாய். உள்ளதை எழுதுகிறேன். தடித்த அம்புதான் மாப்பிள்ளையின் வில்லுக்குச் சரி என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். விலை கூடுதலாக இருந்ததால் நான்தான் கேட்காமல் ஒல்லியானதை வாங்கினேன். நீ எழுதிய அளவில் எந்தத் தவறும் இல்லை. குற்றம் முழுவதும் என்னுடையது. மாப்பிள்ளையும் அத்தையும் மன்னிக்க வேண்டும். இனி உங்கள் வீட்டு வாசலுக்கு வர எனக்கு முகம் இல்லை.

நயினார்

•

தூத்துக்குடி
31-1-1977

அண்ணனுக்கு,

ரொம்ப நாள் கழித்து எழுதுகிறேன். பலமுறை இந்தக் கொட்டகைக்கு வந்து உட்கார்ந்து, எழுதாமலே எழுந்து போனேன்.

கார்டு கார்த்திகை மாசம் பத்தாம் தேதிவாக்கில் வந்தது. தபால்காரர் கொடுக்கும்போதே என் முகத்தைப் பார்க்கவில்லை, படித்துவிட்டார் என்று தெரிந்தது. அத்தைக்கு எழுத்துத் தெரியாது, அவரிடம் நீட்டினார்கள். அவர் சத்தமாகப் படித்தார். விலை கூடுதலாக இருந்ததால் என்ற இடத்தை இரண்டு தடவை படித்தார். அப்புறம் எழுந்து போய் வில்லை எடுத்துவந்து முற்றத்தில் போட்டு மிதித்தார். ஒற்றைக் கையால் பிடிக்க முடியாமல் அது நழுவிக்கொண்டே போயிற்று. "நீ அந்தப் பக்கம் புடிளா" என்றார். நான் பிடித்தேன். அவர் மிதித்து முறித்தார். அன்றைக்குத்தான் அந்த மனுஷர் வயிறாரச் சாப்பிட்டார்.

நீ சொன்னதுதான் நடந்தது. அதற்குப் பிறகு கையை விரித்துப் பார்ப்பது குறைந்திருக்கிறது. மாப்பிள்ளையூரணியில் அத்தைக்கு உறவான காசிலிங்கம் அண்ணாச்சி பலசரக்குக் கடை வைத்திருக்கிறார், அங்கே போய் உட்காருகிறார். பொட்டலம் கட்ட வராது. கல்லாவில் இருக்கிறார். சாயங்காலம் வடிவுக்குக் கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு வருகிறார். அவர் அவளைத் தூக்கிச் சிரிக்கும்போதெல்லாம், சொல்லிவிடு, சொல்லிவிடு என்று எனக்குள் துடிக்கிறது. உண்மையைச் சொன்னால் நீ எங்கள் வாசலுக்கு வரலாம். அது எனக்குத் தெரியாமல் இல்லை. சொல்ல எனக்குத் தைரியம் இல்லை அண்ணே. நீ கொடுத்ததை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நான் நல்லவள் இல்லை.

போன வெள்ளிக்கிழமை திருச்செந்தூரில் காது குத்து. அத்தையின் தம்பி சிவனாண்டி மாமா மடியில் வடிவை உட்கார வைத்தார்கள். நீ கொடுத்துவிட்ட கவுனைத்தான் போட்டிருந்தாள், அது நீ கொடுத்தது என்று உன் மாப்பிள்ளைக்கு ஞாபகம் இல்லை. ஆசாரி ஊசியைக் கையில் எடுத்துவிட்டு, மாமாவின் நரைத்த தலையைப் பார்த்தார்.

"இவுக தாய்மாமன் மாதிரித் தெரியலியே. பிள்ளைக்கு மாமன் எங்க?" என்று கேட்டார்.



"மாமன் இல்ல. செத்துட்டான்" என்றார் உன் மாப்பிள்ளை.

ஆசாரி ஊசியைக் கீழே வைத்துவிட்டார். உன் மாப்பிள்ளை அதை எதிர்பார்க்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஆசாரி என் பக்கம் திரும்பினார், கூடப் பிறந்தவளிடம்தானே கேட்க வேண்டும். "எப்பம்மா? தீட்டுக் கழிஞ்சிட்டா? கழியாம நான் ஊசி வைக்கக்கூடாது" என்றார்.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அவரும் பார்த்தார். வடிவு ஊசியைப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்திருந்தாள்.

"கார்த்திகையில" என்றேன்.

ஆசாரி விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, சரி என்று ஊசியை எடுத்தார்.

செல்லக்கிளி